நடுவே சாக்லேட் வைத்த குக்கீ பார்: பூரணம் கல்லாகாமல், மாவு களியாகாமல்

கேள்வி இதுதான்: குக்கீ மாவை இரண்டு அடுக்காகப் பரப்பி, நடுவே சாக்லேட் வைத்து பேக் செய்தால் சூட்டோடு சாப்பிடும்போது அருமையாக இருக்கிறது, ஆறியதும் நடுவில் இருப்பது கல். சரி, கிரீம் கலந்து இளக்கலாம் என்றால் அடிமாவு வேகாமல் களியாகிவிடுகிறது. ஆறிய பிறகும் மென்மையாக நிற்கிற நடுப்பகுதியை வீட்டு ஓவனில் எப்படிக் கொண்டுவருவது?

இரண்டு தொல்லைக்கும் பழி மாவின் மேல் விழுகிறது. உண்மையில் இரண்டுக்கும் காரணம் பூரணம். மாவுக்கு எந்தச் செய்முறையை எடுத்தாலும் ஓரளவு நல்ல குக்கீ வந்துவிடும். பூரணத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அந்தத் தண்ணீரை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதில்தான் பாரின் தலையெழுத்து இருக்கிறது.

சாக்லேட் கட்டியில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதைப் பிணைத்து வைத்திருப்பது கொக்கோ வெண்ணெய். அது 34 டிகிரி செல்சியஸுக்கு அருகில் உருகும். அதற்குக் கீழே இறுகும். ஓவனிலிருந்து வந்தவுடன் அது குழம்பாக இருப்பதும், இரண்டு மணி நேரம் கழித்துப் பல்லைப் பதம் பார்ப்பதும் அதன் இயல்பு. அதை மாற்ற வேறொன்றைக் கலந்தாக வேண்டும்.

கனாஷ், அதாவது கிரீம் கலந்து இளக்கிய சாக்லேட், ஏன் சரிவரவில்லை? 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீமில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கேக் மேல் ஊற்ற அது போதும். ஓவனுக்குள் அரை மணி நேரம் இருக்க அது பிறந்ததில்லை. சூடேறியதும் கொழுப்பும் தண்ணீரும் பிரிகின்றன. தண்ணீர் அடிமாவில் இறங்குகிறது, கொழுப்பு ஓரங்களில் கசிகிறது. அடிமாவு வேகவில்லை என்று இன்னும் பத்து நிமிடம் வைத்தால் ஓரம் ரஸ்க் ஆகிறது, நடு அப்படியே இருக்கிறது.

கன்டென்ஸ்டு மில்க் இந்த இடத்துக்கென்றே அமைந்த பொருள். அதில் தண்ணீர் கால் பங்குக்குச் சற்று மேல். 40 சதவீதத்துக்கும் அதிகமாகச் சர்க்கரை. அந்தச் சர்க்கரை தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பதால் அது மாவுக்குள் எளிதில் போகாது. அதே பாகு கொக்கோ வெண்ணெய் ஒரே பாளமாக இறுகுவதையும் தடுக்கிறது. ஆறியபின் கிடைப்பது பல் பதியும் மென்மையான ஃபட்ஜ். ஒரு எச்சரிக்கை: எவாப்பரேட்டட் மில்க் வேறு பொருள். சர்க்கரை சேர்க்காதது, நான்கில் மூன்று பங்கு தண்ணீர். டப்பா பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கலாம். அதை ஊற்றினால் கிரீமால் வந்த அதே களிதான்.

அளவுகள்

இது 20 செ.மீ. சதுர டின்னுக்கு, டின்னின் உயரம் 5 செ.மீ. இருக்கட்டும். 23 செ.மீ. வட்ட டின்னின் பரப்பும் ஏறக்குறைய இதேதான், மாற்றாமல் பயன்படுத்தலாம். 23 செ.மீ. சதுரம் என்றால் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். 23க்கு 33 என்றால் இரட்டிப்பு.

மாவுக்கு: உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 75 கிராம், முட்டை 1, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, வெனிலா எசன்ஸ் 2 டீஸ்பூன், மைதா 260 கிராம், கார்ன்ஃபிளார் 10 கிராம், பேக்கிங் பவுடர் ½ டீஸ்பூன், பேக்கிங் சோடா ¼ டீஸ்பூன், தூள் உப்பு ½ டீஸ்பூன்.

பூரணத்துக்கு: 50 முதல் 60 சதவீதக் கொக்கோ உள்ள டார்க் சாக்லேட் 170 கிராம், கன்டென்ஸ்டு மில்க் 200 கிராம், வெண்ணெய் 15 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ½ டீஸ்பூன். விருப்பமிருந்தால் ½ டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூளை ஒரு டீஸ்பூன் வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். காபிச் சுவை தெரியாது. சாக்லேட்டின் கசப்பு மட்டும் கொஞ்சம் அடர்த்தியாகும்.

எடை பார்க்கும் தராசு இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்றால் முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு பார் வரும். ஒரு கப் மைதாவைக் கரண்டியால் மெல்லப் போட்டு நிரப்பினால் 120 முதல் 125 கிராம்; கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம் வரை போகும். இரண்டு கப்பில் 50 கிராம் வித்தியாசம். மென்று தின்னும் பாருக்கும் உதிரும் பாருக்கும் இடையில் இருப்பது அந்த 50 கிராம்தான்.

உப்பு சேர்த்த வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் மாவில் தனி உப்பு வேண்டாம். அதில் 100 கிராமுக்கு ஒன்றரை முதல் 2 கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கும். 170 கிராம் வெண்ணெயில் அரை டீஸ்பூன் வந்துவிடுகிறது.

இரண்டு வகைச் சர்க்கரை எதற்கு? பிரவுன் சுகரில் உள்ள மொலாசஸ் என்னும் கரும்புப் பாகு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதனால் மூன்றாம் நாளும் பார் மென்மையாக இருக்கும். அதன் லேசான அமிலத்தன்மைதான் பேக்கிங் சோடாவை வேலை செய்ய வைக்கிறது. வெள்ளைச் சர்க்கரை ஓரத்துக்கு மொறுமொறுப்பையும் மேற்பரப்புக்கு மினுமினுப்பையும் தருகிறது. இனிப்பு அதிகம் என்று படுகிறவர்கள் வெள்ளைச் சர்க்கரையை 50 கிராமாகக் குறைக்கலாம். பிரவுன் சுகரில் கை வைக்க வேண்டாம். அதையும் குறைத்தால் கிடைப்பது இனிப்பு குறைந்த பார் அல்ல, வெளிறிப்போன உலர்ந்த கேக். இனிப்பைத் தணிக்க நல்ல வழி, பூரணத்தில் 70 சதவீத சாக்லேட் போடுவது. அது இன்னும் இறுக்கமாக உறையும் என்பதால் கன்டென்ஸ்டு மில்க்கை 220 கிராமாக்கிக்கொள்ளுங்கள்.

கூடுதல் மஞ்சள் கரு அலங்காரத்துக்கு அல்ல. இரண்டு முழு முட்டை போட்டால் வெள்ளைக் கருவின் தண்ணீரும் புரதமும் சேர்ந்து மாவைக் கேக் பக்கம் இழுக்கும். மஞ்சள் கருவின் கொழுப்பு மென்று தின்னும் பதத்தைக் கொடுக்கும்.

சாக்லேட்டைப் பொறுத்தவரை, பூரணத்துக்குச் சிப்ஸ் வேண்டாம், கட்டியாக வருவதை நறுக்குங்கள். ஓவனில் வடிவம் கலையாமல் இருப்பதற்காகச் சிப்ஸில் பெரும்பாலும் கொக்கோ வெண்ணெய் குறைவாக வைத்திருப்பார்கள். உருக்கினால் தடிப்பாக நிற்கும். பொருட்பட்டியலில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். உருக்குவது எளிது, ஆனால் வாயில் மெழுகு தடவியது போல் ஒட்டும். மேலே தூவவோ அலங்கரிக்கவோ வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வேண்டாம்.

மாவு

வெண்ணெயை உருக்கி, விரல் வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் வரை ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரையில் ஊற்றினால் மாவு எண்ணெய் பிசுக்காகும்; முட்டையும் திரியக்கூடும். இரண்டு சர்க்கரையையும் சேர்த்து விஸ்க்கால் ஒரு நிமிடம் கலக்கி, ஐந்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி கலக்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் சர்க்கரை கொஞ்சம் கரையும். மேலே மெல்லிய பளபளப்பான தோல் வருவதற்கு அதுவே காரணம். அறை வெப்பநிலையில் உள்ள முட்டை, மஞ்சள் கரு, வெனிலா மூன்றையும் சேர்த்து, கலவை சற்று வெளுத்துக் கெட்டிப்படும் வரை அடியுங்கள். கையால் ஒரு நிமிடம் போதும். மெஷினில் ஐந்து நிமிடம் அடித்தால் காற்று ஏறி, ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் நடு குழியும்.

மைதா, கார்ன்ஃபிளார், பேக்கிங் பவுடர், சோடா, உப்பு எல்லாவற்றையும் சலித்துக் கொட்டி, ரப்பர் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். மாவு தளர்வாகத் தெரியும், கூடுதல் மைதா போடக் கை பரபரக்கும். போடாதீர்கள். மூடி 25 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் மைதா ஈரத்தைக் குடித்து, வெண்ணெய் இறுகி, கையில் ஒட்டாத பதத்துக்குத் தானே வந்துவிடும்.

வெண்ணெயைப் பொன்னிறமாகும் வரை காய்ச்சிச் சேர்த்தால் மணம் வேறு தளத்துக்குப் போகும். ஆனால் வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். காய்ச்சும்போது அது ஆவியாகிவிடும். அதை ஈடுகட்ட முட்டையோடு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வெட்டும்போது பார் பொடிப்பொடியாக உடையும், காரணம் தெரியாமல் மைதாவைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பூரணம்

அடி கனமான பாத்திரத்தில் கன்டென்ஸ்டு மில்க்கையும் வெண்ணெயையும் மிகச் சிறு தீயில் வையுங்கள். கரண்டி அடியைத் தொட்டபடியே சுற்ற வேண்டும்; கன்டென்ஸ்டு மில்க் கண்ணிமைக்கும் நேரத்தில் அடிப்பிடிக்கும், பிடித்த துணுக்குகள் பூரணத்தில் பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். லேசாக ஆவி தெரிந்ததும் இறக்கி, நறுக்கிய சாக்லேட்டைக் கொட்டி மூடி, இரண்டு நிமிடம் கழித்து நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றிக் கிளறுங்கள். அடுப்பின் மேல் வைத்தே சாக்லேட்டை உருக்க வேண்டிய தேவையில்லை; பாலின் சூடே போதும். உருக்கும்போது டார்க் சாக்லேட்டுக்கு 50 டிகிரிக்கு மேல் சூடு கூடாது.

கலவை திடீரென்று எண்ணெய் கக்கி, பிசைந்த மண் போலத் திரண்டால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். தூக்கி எறிய வேண்டாம். ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான பாலை ஊற்றி வேகமாகக் கிளறுங்கள், சேராவிட்டால் இன்னொரு டீஸ்பூன். பெரும்பாலும் மினுமினுப்பு திரும்பிவிடும். உப்பும் வெனிலாவும் கடைசியில்.

இந்தப் பூரணத்தை அடுக்குவதற்குச் சற்று முன்புதான் செய்ய வேண்டும். கையில் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறி, அதே சமயம் கரண்டியிலிருந்து தடிப்பாக வழியும்போது பரப்புவது எளிது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அடிமாவின் வெண்ணெய் உருகி இரண்டும் கலந்துவிடும். ரொம்பவும் ஆறிவிட்டால் பரப்பும்போது அடிமாவையும் சேர்த்து இழுக்கும்.

அடுக்குவது

ஓவனை 175 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். விளக்கு அணைந்ததும் தயார் என்று நம்ப வேண்டாம். அது உள்ளே உள்ள காற்றின் கணக்கு. சுவர்களும் கம்பித்தட்டும் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். ஃபேன் ஓடும் ஓவனுக்கு 160 டிகிரி.

டின்னில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே தொங்கும்படி விரியுங்கள். பிறகு அதைப் பிடித்துத்தான் முழுப் பாளத்தையும் தூக்கப் போகிறோம். மாவை எடை போட்டு 430 கிராம் கீழே, மீதி ஏறக்குறைய 300 கிராம் மேலே. பாதிப் பாதி பிரித்தால் அடி மெலிந்து பூரணத்தின் பாரம் தாங்காது, எடுக்கும்போது தொங்கும்.

அடிமாவை, தட்டையான அடியுள்ள டம்ளரால் மூலைவரை ஒரே கனமாக அழுத்துங்கள். கனம் சுமார் 9 மி.மீ. வரும். அதன்மேல் பூரணம். நான்கு ஓரத்திலும் ஒரு செ.மீ. இடம் விட வேண்டும். இது அழகுக்காகச் சொல்லப்படுவதில்லை: அந்த ஓரத்தில்தான் மேல்மாவும் கீழ்மாவும் ஒட்டி உறைபோல மூடிக்கொள்கின்றன. பூரணம் டின் சுவரைத் தொட்டால் அங்கே சர்க்கரை கருகி, மிட்டாய் போல் இறுகி, கத்தி இறங்காது.

மேல்மாவை வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இளகிய பூரணத்தின் மேல் மாவைப் பரப்ப முடியாது, அது வழுக்கிக்கொண்டே போகும். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே 300 கிராம் மாவை 20 செ.மீ. சதுரமாகத் தேய்த்து, பேப்பரோடு பத்து நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். விறைத்ததும் ஒரு பேப்பரை உரித்து, கவிழ்த்து வைத்து, மற்றதையும் உரித்துவிடலாம். மேலிருந்து உள்ளங்கையால் தடவி அழுத்தி, நடுவே காற்று சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கிய காற்றும் ஆவியும் ஓவனில் மேல்மாவைக் கிழித்து எரிமலை போல் பூரணத்தைக் கக்கும். ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டுங்கள். தேய்க்கப் பொறுமையில்லாதவர்கள் மாவைச் சிறு சிறு வட்டுகளாக உள்ளங்கையில் தட்டி, ஒட்டுப்போட்டதுபோல் வைக்கலாம். விரல் நுழையாத அளவு இடைவெளிகள் வெந்து பரவும்போது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மூடாத இடத்தில் சாக்லேட் எட்டிப் பார்த்தால் அதுவும் அழகுதான்.

வேகவைப்பது

நடுத்தட்டில் 30 முதல் 34 நிமிடம். 25ஆவது நிமிடத்தில் ஒரு முறை கண்ணாடி வழியே பாருங்கள். அதற்குள்ளேயே மேல் நன்றாகச் சிவந்துவிட்டால் ஃபாயில் பேப்பரைத் தளர்வாக மேலே போட்டு மீதி நேரத்தை விடுங்கள்.

கேக் பழக்கத்தில் நடுவே குச்சி குத்திப் பார்க்காதீர்கள். எப்போது குத்தினாலும் சாக்லேட் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதை ஈரமாவு என்று நினைத்துக் கூடுதலாக வைப்பதால்தான் பெரும்பாலான பார்கள் உலர்ந்துபோகின்றன. குச்சியைப் பூரணம் இல்லாத அந்த ஒரு செ.மீ. ஓரத்தில் குத்துங்கள். ஈரமான துணுக்குகள் ஒட்டலாம், மாவுக் குழம்பு ஒட்டக் கூடாது. நடுவுக்குக் கண்ணும் விரலும் போதும்: பச்சை மாவின் எண்ணெய்ப் பளபளப்பு போய் மங்கலான தோல் வந்திருக்க வேண்டும். விரலால் மெல்லத் தொட்டால் குழி விழுந்து மெதுவாக மேலே வரும். ஓரங்கள் பொன்னிறமாகி டின்னை விட்டு ஒரு நூல் விலகியிருக்கும். டின்னை ஆட்டினால் நடு அலைபோல் ததும்புகிறது என்றால் இன்னும் நான்கு நிமிடம். எடுக்கும்போது நடு கொஞ்சம் மென்மையாக இருப்பது சரியே, டின்னின் சூட்டில் மேலும் ஐந்து பத்து நிமிடம் அது வெந்துகொண்டுதான் இருக்கும்.

டின்னும் கணக்கில் வரும். வெளிர் நிற அலுமினியம்தான் இதற்குச் சிறந்தது. கறுப்பு டின் ஓரத்தைச் சீக்கிரம் சிவக்கவைக்கும். 10 டிகிரி குறையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை விடவும் விடாது. அதற்கு 160 டிகிரியில் 38 முதல் 40 நிமிடம், அதோடு அடிமாவை மட்டும் முதலில் எட்டு நிமிடம் தனியாக வேகவைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு பூரணம் பரப்புவது நல்லது. உலோக டின்னில் இந்த முன்வேக்காடு தேவையில்லை. ஃபிரீசரில் உறைந்த பூரணம் வைத்தால் மட்டும் அங்கும் தேவைப்படும்.

ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். 15, 20 டிகிரி கூடக்குறையக் காட்டும் ஓவன்கள் சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று இந்தப் பிரச்சினையை ஒரே நாளில் தீர்க்கும்.

ஆறவிடுதல், வெட்டுதல்

டின்னிலேயே ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில், பிறகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில். இதைச் சுருக்க வழி இல்லை. சூட்டோடு வெட்டினால் பூரணம் ஆறாக ஓடும், மேல்மாவு கழன்று வரும். குளிர்ந்த பாளத்தைப் பேப்பரோடு தூக்கிப் பலகையில் வைத்து, நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, மேலிருந்து நேராக ஒரே அழுத்தாக இறக்குங்கள். அறுப்பது போல் முன்னும் பின்னும் இழுத்தால் மேலடுக்கு நொறுங்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். 5 செ.மீ. சதுரமாக 16 துண்டுகள் வரும். வெட்டிய பின் அரை மணி நேரம் வெளியே வைத்துப் பரிமாறினால் பூரணம் அதன் சரியான பதத்துக்கு வந்திருக்கும்.

எங்கே தவறுகிறது

பூரணம் எங்கே போனது என்றே தெரியவில்லை, மாவு மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் பூரணம் சூடாக ஊற்றப்பட்டது, அல்லது மாவு குளிரவைக்கப்படாமல் தளர்வாக இருந்தது. பூரணம் இருக்கிறது ஆனால் மணல்போல் நெறுநெறுக்கிறது என்றால் அடுப்பில் சூடு மிஞ்சிச் சர்க்கரை படிகமாகியிருக்கும், அல்லது திரண்டதைச் சரிசெய்யாமலே பரப்பியிருப்பீர்கள். கன்டென்ஸ்டு மில்க் போட்டும் கல்லாகிறதா? சாக்லேட்டின் சதவீதத்தைப் பாருங்கள். 70க்கு மேல் இருந்தால் இந்த அளவு போதாது. அதுவும் சரி என்றால் நேரம் கூடிவிட்டது.

மாவு கேக்போல் பஞ்சாக வந்தால் மைதா அதிகம், அல்லது அதிகம் அடித்தது. பிசுபிசுவென்று எண்ணெய் வழிந்தால் வெண்ணெய் சூடாகச் சேர்க்கப்பட்டது, அல்லது மைதா குறைவு. சோப்பு வாசனை அடித்தால் சோடா. கால் டீஸ்பூனைக் குவியலாக எடுத்தாலே அந்த வாசனை வந்துவிடும், தலைதட்டி எடுங்கள். ஓரம் கல், நடு பச்சை என்றால் செய்முறையில் பிழை தேடாதீர்கள். ஓவன் சூடு அதிகம்: 15 டிகிரி குறைத்து ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மேல் சிவந்து அடி வெளுத்திருந்தால் தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள்.

மாற்றிச் செய்ய விரும்பினால்

ஹேசல்நட் சாக்லேட் ஸ்பிரெட் வைப்பதானால் 300 கிராமைப் பட்டர் பேப்பர் மேல் 18 செ.மீ. சதுரமாகப் பரப்பி இரண்டு மணி நேரம் ஃபிரீசரில் உறையவைத்து, பாளமாக எடுத்து வையுங்கள். அதில் தண்ணீர் மிகக் குறைவு, எண்ணெயும் சர்க்கரையும்தான் பெரும்பகுதி, எனவே கல்லாகாது. நேரடிச் சூடு பட்டால் உலர்ந்து பொருபொருப்பாகும். அதனால் மேல்மாவில் இடைவெளி விடாதீர்கள். மேலே சொன்ன அடிமாவு முன்வேக்காடு இதற்கு அவசியம்.

மில்க் சாக்லேட் என்றால் 200 கிராம் சாக்லேட்டுக்கு 150 கிராம் கன்டென்ஸ்டு மில்க். அது தானாகவே மென்மையாக உறையும். வெள்ளைச் சாக்லேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த அமைப்பில் இனிப்பைத் தவிர வேறெதுவும் நாக்குக்குத் தெரியாது. கிரீம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 80 மி.லி.க்கு மேல் கிரீம் போகாமல், உறையவைத்து, அடிமாவை முன்கூட்டி வேகவைத்து முயலலாம். பார் வரும், ஆனால் இரண்டாம் நாள் அடி ஈரமாகும்.

முட்டை வேண்டாம் என்றால் முட்டைக்கும் மஞ்சள் கருவுக்கும் பதில் 70 கிராம் கெட்டித் தயிர், கார்ன்ஃபிளாரை 20 கிராமாக்குங்கள். பிணைப்பு சற்றுக் குறையும். குளிரவைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள். மாவும் சாக்லேட் நிறத்தில் வேண்டுமென்றால் மைதாவில் 30 கிராமை எடுத்துவிட்டு அதே எடை கொக்கோ பவுடர் சேர்க்கலாம். அப்போது பொன்னிறத்தைப் பார்த்து வேக்காட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஓரம் விலகுவதையும் பளபளப்பு மங்குவதையும் மட்டுமே நம்ப வேண்டும்.

பாத்திரத்தில் ஒட்டிய பச்சை மாவை வழித்துச் சாப்பிடும் ஆசை குழந்தைகளுக்கு மட்டும் உரியதல்ல. பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மைதாவிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். பூரணப் பாத்திரத்தை வழிக்கலாம், மாவுப் பாத்திரத்தை விட்டுவிடுங்கள்.

வைத்திருப்பது

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்து, அறை வெப்பத்தில் மூன்று நான்கு நாள். வெயில் கடுமையாக இருந்தால் ஃபிரிட்ஜ், ஆனால் அங்கே மாவு இறுகும், சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுங்கள். நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி ஃபிரீசரில் வையுங்கள், இரண்டு மாதம் வரை சுவை குறையாது. வெளியே எடுத்ததும் சுற்றியதைப் பிரிக்காமல் அப்படியே குளிர் விடவேண்டும். அப்போதுதான் ஈரம் உறையின் மேல் படியும், பாரின் மேல் படியாது. நடு இளகி ஓட வேண்டும் என்ற ஆசை இருந்தால், குளிர் விட்ட துண்டை மைக்ரோவேவில் நடுத்தர சக்தியில் 10 முதல் 12 நொடி. 20 நொடிக்குப் போனால் மாவு ரப்பராகிவிடும்.